பாறைக்குள் இருக்கும் காற்றின் கணக்கு

1892ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலே பிரபுவை ஒரு சிறிய எடை வேறுபாடு விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன், ஈரம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றை நீக்கிய பிறகு எஞ்சும் நைட்ரஜன், லிட்டருக்கு 1.257 கிராம் எடை காட்டியது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து வேதிமுறையில் பிரித்தெடுத்த நைட்ரஜனோ 1.251 கிராம்தான் இருந்தது. அரை விழுக்காடு வேறுபாடு. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அது போகவில்லை. 1894இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து அவர் அதற்கு விடை கண்டார்: எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு, அதுவரை யாருக்கும் பிடிபடாமல், காற்றில் கலந்திருந்தது. அதுவே ஆர்கான். உலர்ந்த காற்றில் அதன் பங்கு 0.93 விழுக்காடு, அதாவது நாம் நாள்தோறும் பேசுகிற கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கும் மேல். ஹென்றி கேவண்டிஷ் 1785இலேயே, எப்படியும் கரையாமல் எஞ்சிய ஒரு சிறு குமிழியாக இதைப் பார்த்துக் குறித்துவைத்திருந்தார் என்பது இதில் இன்னொரு வியப்பு.

இந்த ஆர்கான் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் புவியின் வளிமண்டல வரலாற்றுக்கு ஒரு வாசல் திறக்கிறது. சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பகுதி நிறை எண் 36 கொண்ட ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தில் நிறை மட்டும் வேறுபடும் அணு வகை. நம் காற்றில் உள்ள ஆர்கானிலோ 99.6 விழுக்காடு ஆர்கான்-40. அது பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு சிதைவதால் உண்டாவது; அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். ஆகவே நாம் மூச்சில் இழுக்கும் ஆர்கான் அணுக்களில் ஏறத்தாழ எல்லாமே ஒரு காலத்தில் பாறைக்குள் பொட்டாசியமாக இருந்து, சிதைந்து, எரிமலைகள் வழியாகவும் பாறைச் சிதைவின் வழியாகவும் வெளியேறி வந்தவை. புவி பிறக்கும்போது அவை காற்றில் இல்லை.

ஆர்கானுக்குச் சொன்னது, கொஞ்சம் மாற்றிச் சொன்னால், மற்ற வாயுக்களுக்கும் பொருந்தும். வளிமண்டலத்தின் மொத்த நிறை சுமார் 51 கோடி கோடி டன். கேட்கப் பெரிதாக இருந்தாலும் இது புவியின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மெல்லிய போர்வையின் கலவையைத் தீர்மானிப்பது, அதற்குக் கீழே உள்ள பாறை எதை வெளியே விட்டது, எதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டது என்ற வரவு செலவுதான். எந்த ஒரு வாயுவின் இன்றைய அளவையும் அந்தக் கணக்கின் கையிருப்பாகப் பார்த்தால், 454 கோடி ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் தொடர்பற்ற நிகழ்வுகளாகத் தோன்றாமல் ஒன்றிலிருந்து ஒன்று விளைந்தவையாகத் தெரியும்.

முதல் பக்கம் முழு இழப்போடு தொடங்குகிறது. சூரியனைச் சுற்றியிருந்த வாயு வட்டிலிருந்து இளம் புவி ஓரளவு ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் ஈர்த்து வைத்திருக்கலாம். ஆனால் அது நிலைக்கவில்லை என்பதற்கு நியான் சாட்சி. சூரியனில் நியானும் நைட்ரஜனும் ஏறத்தாழ ஒரே அளவு வரிசையில் இருக்கின்றன. நம் காற்றிலோ ஒரு நியான் அணுவுக்கு 40,000க்கும் மேற்பட்ட நைட்ரஜன் மூலக்கூறுகள். நியான் அப்படியொன்றும் எளிதில் பறந்துவிடும் இலேசான அணு அல்ல; நீராவி மூலக்கூறைவிடக் கனமானது. அது இங்கே இவ்வளவு அரிதாக இருக்கக் காரணம், அது எந்தத் திடப்பொருளோடும் வேதிப் பிணைப்பில் சேராது என்பதே. வாயுவாக வந்தவை போய்விட்டன. கனிமங்களுக்குள் நீராகவும் கார்பனாகவும் நைட்ரஜன் சேர்மங்களாகவும் பூட்டப்பட்டு வந்தவை தங்கின. இன்றைய காற்று, அந்தப் பூட்டு பின்னர் திறந்தபோது வெளிவந்தது.

பூட்டைத் திறந்தது வெப்பம். நிலவு உருவாகக் காரணமான பெருமோதலுக்குப் பின் புவியின் மேற்பரப்பு உருகிய பாறைக் கடலாகக் கிடந்தது. அதற்கு மேல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அடர்ந்த ஒரு மூடாக்கு. அது குளிர்ந்து நீராவி மழையாகக் கொட்டிக் கடல் உண்டாவதற்கு, முன்பு நினைத்த அளவுக்கு நீண்ட காலம் பிடிக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, எளிதில் அழியாத சிர்க்கான் கனிமப் படிகங்கள் 440 கோடி ஆண்டுகள் வரை பழைமையானவை. மணல் துகள் அளவே உள்ள அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அவை உருவான பாறைக்குழம்பு ஏற்கெனவே திரவ நீரோடு உறவாடிய பாறையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

அக்காலக் காற்றின் கலவை குறித்த கருத்து இடையில் ஒரு முறை மாறியிருக்கிறது. 1953இல் ஸ்டான்லி மில்லர் தன் புகழ்பெற்ற சோதனையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். ஆதிக் காற்று அந்தக் கலவைதான் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. ஆனால் எரிமலைகள் வெளிவிடுவது பெரும்பாலும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும். நைட்ரஜனும் கந்தக வாயுக்களும் குறைந்த அளவில் வருகின்றன. புவியியலாளர்கள் பலர் இன்று ஏற்பது இந்தப் படத்தையே. மில்லரின் சோதனை உயிர்வேதியியலுக்குத் தந்த ஊக்கம் பெரியது. ஆதிக் காற்றுக்கான சான்றாக அதைக் காட்டுவது மட்டும் சரியல்ல.

இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு எங்கே போனது? வெள்ளிக் கோளைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். அங்கே காற்றழுத்தம் நம்முடையதைப்போல் சுமார் 90 மடங்கு, அதில் 96.5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. புவியிலும் கிட்டத்தட்ட அதே வரிசையிலான அளவு இருக்கிறது. ஆனால் அது காற்றில் இல்லை, சுண்ணாம்புக்கல்லாக நிலத்திலும் கடலடியிலும் கிடக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக வீரியம் குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சிலிக்கேட் பாறைகளை மெல்ல அரித்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. அங்கே அது கார்பனேட்டோடு இணைந்து படிகிறது. வெள்ளியில் நீர் நிலைக்காததால் இந்த வேலை நடக்கவில்லை. புவியின் காற்று மூச்சுவிடத் தக்கதாக ஆனதற்கு உயிர்களுக்கு முன்பாகவே நன்றி சொல்ல வேண்டியது மழைக்கு.

இந்த அரிப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. புவியின் வரலாற்றில் இதைவிட முக்கியமான வேதிவினை வேறில்லை என்றே எனக்குப் படுகிறது. வெப்பம் கூடினால் மழை கூடும், வேதிவினை வேகமெடுக்கும், அரிப்பு மிகும், கார்பன் டை ஆக்சைடு விரைவாகக் குறையும், புவி குளிரும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும். எரிமலைகள் தம் பாட்டுக்கு வெளிவிடும் வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போகும். புவி மீண்டும் வெப்பமாகும். ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேஸ், ஜேம்ஸ் காஸ்டிங் ஆகிய மூவர் 1981இல் இதை முறையாக விளக்கினர். அவர்கள் தீர்க்க முனைந்த புதிரை 1972இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் எழுப்பியிருந்தனர்: இளம் சூரியன் இன்றைவிட 25 முதல் 30 விழுக்காடு வரை மங்கலாக இருந்தது, இன்றைய காற்றே அன்றும் இருந்திருந்தால் கடல்கள் உறைந்து கிடந்திருக்க வேண்டும், பாறைகளோ நீர் ஓடியதைக் காட்டுகின்றன. அரிப்பு மந்தமாக இருந்த அந்தக் காலத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்தது என்பதும், ஆக்சிஜன் இல்லாததால் மீத்தேன் அழியாமல் நெடுநாள் தங்கித் துணைநின்றது என்பதும் இன்றைய விடையின் இரு பாதிகள்.

அந்தப் பழங்காலக் காற்றின் அழுத்தத்தைக்கூட அளக்க முயன்றிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் மேல் விழுந்த மழைத்துளிகளின் குழிகள் கல்லாகி நிற்கின்றன. காற்று அடர்த்தியாக இருந்தால் துளி மெதுவாக விழும், குழி சிறியதாகும் என்பது தர்க்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புவியியலாளர் சார்லஸ் லையல் சொன்ன யோசனை இது. சஞ்சய் சோமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலையின் சாம்பலைத் தட்டில் பரப்பி, அதன் மேல் வெவ்வேறு அளவில் நீர்த்துளிகளை விழவிட்டுக் குழிகளை அளந்து, அன்றைய காற்றடர்த்தி இன்றையதைப்போல் இருமடங்கைத் தாண்டியிருக்க முடியாது என்று 2012இல் வெளியிட்டனர். பின்னர் 2016இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய எரிமலைக்குழம்புப் படிவுகளில் மேற்பகுதிக் குமிழிகளையும் அடிப்பகுதிக் குமிழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு, அன்றைய அழுத்தம் இன்றையதில் பாதிக்கும் குறைவு என்று கணித்தது. குழம்பின் அடியில் உள்ள குமிழியைக் குழம்பின் எடையும் காற்றின் எடையும் சேர்ந்து அழுத்தும், மேலே உள்ளதைக் காற்று மட்டுமே அழுத்தும் என்பதே அதன் அடிப்படை. மாறாத பின்னணி என்று நாம் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனும் காலத்தோடு கூடிக் குறைந்திருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

இனி ஆக்சிஜன். இது காற்றில் இருப்பதே ஒரு முரண். இரும்பு, கந்தகம், கரிமப்பொருள், எரிமலை வாயு என்று கையில் அகப்படும் எதனோடும் வினைபுரியும் ஒரு வாயு, 21 விழுக்காடு அளவில் தனித்து நிற்க வேண்டுமானால் யாரோ அதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் அதைச் செய்தவை ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியாக்கள். நீரைப் பிளந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கழிவாக விடும் உத்தியை அவை கண்டறிந்தன; பிற்காலத்துத் தாவரங்கள் அந்த உயிரணுக்களின் வழித்தோன்றல்களையே தம் உயிரணுவுக்குள் பசுங்கணிகமாக வைத்துக்கொண்டிருக்கின்றன.

காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதைப் பாறைகளே சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டு பகுதியில், பழங்கால ஆறுகள் உருட்டி வந்த கூழாங்கற்படுகைகளில், தங்கத்தோடு பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமமும் யுரேனினைட் என்னும் யுரேனியக் கனிமமும் உருண்டைத் துகள்களாகக் கிடைக்கின்றன. இன்றைய ஆற்றில் பைரைட் விரைவில் துருவாகிவிடும், யுரேனினைட் நீரில் கரைந்துவிடும். அவை நெடுந்தூரம் உருண்டு மழுங்கியும் அழியாமல் இருந்தன என்றால் அந்த ஆற்றின் மேலிருந்த காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே பொருள்.

இதைவிட நுட்பமான சான்று கந்தகத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஓசோனும் இல்லை. புற ஊதாக் கதிர் தடையின்றி இறங்கி எரிமலையின் கந்தக டை ஆக்சைடைச் சிதைக்கும். அந்தச் சிதைவு, கந்தகத்தின் ஐசோடோப்புகளை நிறைக்கேற்ற வழக்கமான விகிதத்தில் பிரிக்காமல் விநோதமான விகிதத்தில் பிரிக்கிறது. ஜேம்ஸ் ஃபார்க்குவாரும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில், இந்த விநோத முத்திரை பழைய பாறைகளில் தெளிவாக இருப்பதையும், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிடுவதையும், பிறகு திரும்பவே இல்லை என்பதையும் காட்டினர். இன்றைய ஆக்சிஜன் அளவில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அந்த முத்திரை பதியாமல் போய்விடும் என்பது கணித மாதிரிகளின் கணிப்பு. அதனால்தான் 'பெரும் ஆக்சிஜனேற்ற நிகழ்வு' என்று அழைக்கப்படும் அந்தத் திருப்பத்தின் காலத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதற்கு முன், கடலில் கரைந்திருந்த இரும்பு பட்டை பட்டையாகப் படிந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைத்தொடர் போன்ற இடங்களில் பெரும் தாதுப்படுகைகளாகிவிட்டது. ஆக்சிஜன் பட்டுக் கடல் துருப்பிடித்தது என்று இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது வழக்கம். ஆக்சிஜனே தேவையின்றி ஒளியைக்கொண்டு இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன என்பதால் அது முழுக் கதை ஆகாது.

ஒளிச்சேர்க்கை தொடங்கினாலே ஆக்சிஜன் சேர்ந்துவிடும் என்று எண்ணுவதும் அத்தகைய எளிமைப்படுத்தலே. ஒரு தாவரமோ பாக்டீரியாவோ வெளிவிட்ட ஆக்சிஜன், அது இறந்து மக்கும்போது அதே அளவில் செலவாகிவிடுகிறது, கணக்கு நேராகிறது. மிச்சம் பிடிக்க ஒரே வழி, செத்த பொருளில் ஒரு பகுதி மக்காமல் சேற்றுக்குள் புதைவது. ஒளிச்சேர்க்கையில் பிடிபடும் கார்பனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் அப்படித் தப்புகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சிறு கசிவு திரண்டதே இன்றைய ஆக்சிஜன். ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிச் சென்றதும் இதே வேலையைச் செய்தது: நீரிலிருந்தோ மீத்தேனிலிருந்தோ வந்த ஹைட்ரஜன் ஒருமுறை போய்விட்டால், அதோடு சேர வேண்டிய ஆக்சிஜன் இங்கேயே எஞ்சும். எரிமலை வாயுக்களும் கரைந்த இரும்பும் ஆக்சிஜனை விழுங்கும் வேகத்தைவிட இந்த மிச்சம் மிகுந்தபோதுதான் காற்று மாறியது.

மாற்றம் இலவசமாக வரவில்லை. புவியைக் கதகதப்பாக வைத்திருந்த மீத்தேனை ஆக்சிஜன் அழித்தது. ஏறத்தாழ அதே காலகட்டத்தில் ஹியூரோனியப் பனியுகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனப் பலர் கருதுகின்றனர். பிறகு, சுமார் 180 கோடி முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, குறைந்த ஆக்சிஜனோடு நீண்ட ஒரு தேக்கம். அதை 'சலிப்பூட்டும் நூறு கோடி' என்று ஆய்வாளர்களே கேலியாகச் சொல்வார்கள்.

அந்தத் தேக்கத்தின் முடிவில் அரிப்பு இயந்திரம் ஒரு முறை முற்றாக நின்றுபோனது. 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஸ்டர்ட்டியன் பனியுகத்தில், அன்று நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்த நிலங்களிலும் பனியாறுகள் கடல்மட்டம் வரை இறங்கின. ஜோசப் கிர்ஷ்விங்க் 1992இல் இந்நிலைக்குப் 'பனிப்பந்துப் புவி' என்று பெயரிட்டார். பனியால் மூடிய பாறையில் மழை படவில்லை, அரிப்பு இல்லை. எரிமலைகள் மட்டும் நிற்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, ஒரு கட்டத்தில் பனியை உருக்கியது. 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த அடுத்த பனியுகத்தின் படிவுகளை நமீபியாவில் பார்த்தால், பனியாறு கொட்டிய கற்குவியலுக்கு நேர் மேலே, இடைவெளியே இல்லாமல், வெப்பக் கடலில் படியும் கார்பனேட் பாறை மூடியிருக்கிறது. காற்றில் தேங்கிய கார்பன் மறுபடி கல்லான தருணம் அது.

அதன்பின் ஆக்சிஜன் மீண்டும் உயர்ந்தது. பெரிய விலங்குகள் தோன்றின. ஓசோன் படலம் உருவாகும்வரை காத்திருந்தே உயிர்கள் நிலத்துக்கு வந்தன என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இன்றைய ஆக்சிஜனில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே பயனுள்ள ஓசோன் தடுப்பு அமைந்துவிடும் என்று மாதிரிகள் காட்டுவதால், தாவரங்கள் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமேறியதற்கான தாமதத்துக்கு வேறு காரணம் தேடுவதே பொருத்தம். ஏறியவை காற்றைப் புரட்டிப்போட்டன. எளிதில் மக்காத லிக்னின் கொண்ட மரங்கள் சதுப்பு நிலங்களில் விழுந்து புதைந்து நிலக்கரி ஆயின. புதைந்த கார்பனுக்கு ஈடாக ஆக்சிஜன் ஏறி, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் 30 விழுக்காட்டை எட்டியிருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. சிறகு விரிந்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட மெகானியூரா என்னும் தும்பி போன்ற பூச்சி பறந்தது அப்போதுதான். ஆக்சிஜனின் கீழ் எல்லைக்குச் சான்று தருவது மரக்கரி: 16 விழுக்காட்டுக்குக் கீழே காட்டுத்தீ பரவாது என்று எரிப்புச் சோதனைகள் காட்டுகின்றன, பாறைகளிலோ சுமார் 42 கோடி ஆண்டுகளாக மரக்கரி கிடைக்கிறது.

கடைசி 5 கோடி ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு, ஏற்ற இறக்கங்களோடு, குறைந்தே வந்திருக்கிறது, 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் பெரும்பனி நிலைத்தது. அந்தப் பனியே பின்னாளில் காற்றின் ஆவணக் காப்பகமாயிற்று. பனித்தூவி அழுந்தி இறுகும்போது, பல பத்து மீட்டர் ஆழத்தில், துகள்களுக்கு இடையிலிருந்த காற்று குமிழியாக அடைபடுகிறது. அண்டார்க்டிகாவின் டோம் சி என்னும் இடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளைத்தெடுத்த பனித்தூணை நொறுக்கி அந்தக் காற்றை வெளியேற்றி அளந்தார்கள்: 8 லட்சம் ஆண்டுகளாகக் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஊசலாடியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. அதே இடத்தில் 2024இன் ஆண்டுச் சராசரி சுமார் 424.

இந்த உயர்வு எரிமலைகளிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாகாதா என்று கேட்பவர்களுக்கு அதே வரவு செலவுக் கணக்கு பதில் வைத்திருக்கிறது. எரிமலை கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும்போது ஆக்சிஜனைச் செலவிடுவதில்லை. கடலிலிருந்து வெளியேறினாலும் அப்படியே. எரிப்பு மட்டுமே செலவிடும். 1980களின் இறுதி முதல் சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் துல்லியமாக அளந்துவருவதில், ஆக்சிஜன் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு குறைந்துவருகிறது. இதனால் மூச்சுத் திணறல் வரும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. கையிருப்பு பத்து லட்சத்தில் 2,09,500 பங்கு, புதைந்த கரிமப்பொருளில் பெரும்பகுதியும் தோண்டியெடுக்க முடியாதபடி களிப்பாறைகளில் தூவிக் கிடக்கிறது. ஆனால் அந்தக் குறைவின் அளவு, எரிக்கப்பட்ட எரிபொருளின் அளவோடு ஒத்துப்போகிறது.

நாம் எடுத்து எரித்த கார்பனைப் பாறை திரும்ப வாங்கிக்கொள்ளும். எவ்வளவு விரைவாக என்பதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் காற்றிலும் கடலிலும் சேர்ந்து, புவி 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமடைந்தது. தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டில் எடுத்த கடலடி மண்தூண்களில் அந்த இடம் கண்ணுக்கே தெரியும்: வெளிறிய சுண்ணாம்புச் சேறு திடீரென அறுந்து, அமிலமேறிய நீரில் சுண்ணாம்பு கரைந்துபோனதால் எஞ்சிய செங்களிமண் வருகிறது, அதற்கு மேல் மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்பு. கார்பன் அளவு பழைய நிலைக்கு வர அப்போது ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ஆண்டுகள் வரை ஆயிற்று.